குறிப்பக்காவின் இடது கை

குறிப்பக்கா எழுதி வைத்த கூட்டக் குறிப்புகளை மட்டும் படித்தால், அந்தக் கட்சிக் கிளையைப் போல ஒற்றுமையான கூட்டம் உலகத்திலேயே கிடையாது என்றுதான் தோன்றும். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு சண்டை இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியிருக்கும், தலைவர் நன்றி சொல்லியிருப்பார், எல்லாரும் தேநீர் அருந்திக் கலைந்திருப்பார்கள்.

எதிர்வீட்டுக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கட்சி அலுவலகத்தில் கூட்டம் என்றால் அவர்கள் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நாற்காலி உருண்டு தெருவுக்கு வந்த நாளும் உண்டு. இரண்டு கதைக்கும் நடுவில், ஒரு ஆட்டம் கண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவர்தான் குறிப்பக்கா.

தொழிலால் அவர் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். கட்சியில் யாருக்கும் அது நினைவில் இல்லை. கூட்டக் குறிப்பு எழுதுகிற அக்கா குறிப்பக்கா ஆகி, நாளாவட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரே கட்சியின் உறுப்பினர் பட்டியலுக்குள் மட்டும் குடியிருந்தது. கட்சி பக்கமே தலைவைத்துப் படுக்காத அவருடைய வீட்டுக்காரர்கூட, கேலியாக ஆரம்பித்து, கடைசியில் வேறு பெயர் வாயில் வராமல் 'குறிப்பு' என்றே கூப்பிடுகிற அளவுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிப் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ராத்திரி முழுக்க நர்ஸையும் டாக்டரையும் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்த நோயாளியைப் பற்றி, விடிந்ததும் அவர் அட்டையில் எழுதுவது ஒரே வரி: 'நோயாளி அமைதியாக இருக்கிறார்.' ஏன் அப்படி என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். "கட்டில்ல தொங்குற அட்டைய டாக்டர் மட்டுமா படிக்கிறாரு? காலையில பொண்டாட்டி பிள்ளைங்க வந்து படிப்பாங்க. அவங்க படிச்சிட்டு அழாம வீட்டுக்குப் போக வேணாமா?"

கட்சிக் குறிப்பையும் யாராவது பெண்டாட்டி பிள்ளைகள் படிப்பார்கள் என்றே அவர் கடைசி வரை நம்பினார். அதனால் பொருளாளரைப் பார்த்து ஒருவர் 'திருட்டுப் பயலே' என்றால், குறிப்பில் 'வரவு செலவு குறித்து விளக்கம் கோரப்பட்டது' என்று வரும். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் 'நெருக்கமான கலந்துரையாடல் நடைபெற்றது.' ஒருமுறை தேர்தலில் யாரை நிறுத்துவது என்ற பேச்சு முற்றி, டீ கிளாஸ் ஒன்று பறந்து போய்ச் சுவரில் உடைந்தது. அன்றைய குறிப்பில் அந்த இடத்தில் 'தேநீர் வழங்கப்பட்டது' என்று இருக்கிறது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது, தேநீர் வழங்கத்தான் பட்டது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. குறிப்பு எழுதுகிறவருக்கும் ஓட்டு இருந்தது. தலைவர் "ஆதரிக்கிறவங்க" என்று குரல் கொடுத்ததும், வலது கை முந்தின வாக்கியத்தை முடித்துக்கொண்டிருக்க, இடது கை தன் பாட்டுக்கு மேலே போகும். தலை நிமிராது. எல்லாரும் தூக்குகிறார்கள், நாமும் தூக்குவோம், எழுத்து விட்டுப் போகக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு. "அக்கா கை ஏறிடுச்சு, தீர்மானம் பாஸ்" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். அதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுதிக்கொண்டிருப்பார்.

இப்படியே காலம் போயிருக்கும். கிளைக்கு ஐம்பது வயது நிறைந்ததுதான் வினையாகப் போயிற்று.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளையும் தன் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதித் தர வேண்டும். எழுதுகிற பொறுப்பு பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தலையில் விழுந்தது. கட்சிக்குப் புதிது, நல்ல பையன், எதையும் நம்பிப் படிக்கிறவர். ஒரு வாரம் அலுவலகத்து அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு தும்மித் தும்மிப் படித்தார். முதல் காலத்துக் குறிப்புகள் ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதியவை. அவற்றில் சண்டை இருந்ததாகச் சொன்னார்கள், ஆனால் கையெழுத்து யாருக்கும் பிடிபடவில்லை. அதற்கப்புறம் எல்லாம் குறிப்பக்காவின் முத்து முத்தான எழுத்து. அதில் எழுத்து மட்டும்தான் இருந்தது.

"அக்கா, இதை வச்சு நான் என்ன வரலாறு எழுதுறது?" என்று வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "கூடினாங்க, டீ குடிச்சாங்க, கலைஞ்சாங்க. இதைத்தான் எழுதணும்."

"நல்ல விஷயம்தானே தம்பி."

"அதுசரி. இந்த ஒருத்தர் யாருக்கா? பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி 'உடல்நலக் குறைவு காரணமாக விடுப்பு'ன்னு கூட்டத்துல இருந்து போயிருக்காரு. திரும்பி வந்ததா எங்கயும் இல்லை. உறுப்பினர் பட்டியல்லயும் வருஷா வருஷம் 'விடுப்பில்'னு போட்டுட்டே வர்றீங்க. அப்படி என்ன வியாதி? இன்னுமா குணமாகலை?"

குறிப்பக்காவின் முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் அலமாரிக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"எங்க அண்ணன் அது" என்றார்.

அண்ணன் பஸ் கண்டக்டர். கூட்டத்தில் இடம் இல்லை என்று யாராவது வாசலில் நின்றால் "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, இடம் இருக்கு" என்று பழக்க தோஷத்தில் அதட்டி, நாலு பேருக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறவர். இந்தக் கிளையை ஆரம்பித்த பத்துப் பதினைந்து பேரில் அவரும் ஒருவர். பேச்சு கொஞ்சம் கரடுமுரடு. மனசு அப்படி இல்லை.

அலுவலகத்தின் பின்னறையில் வாசகசாலை வைத்தது அவர்தான். அதற்கு ஒரு கதை உண்டு. அப்போது தங்கை நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். வீடு ஒரே அறை, அதில் ஒன்பது பேர். ஒருவர் படிக்க விளக்கைப் போட்டால் எட்டுப் பேர் தூங்க முடியாது. அண்ணன் கட்சிக் கூட்டத்தில் எழுந்து, பொதுமக்கள் படிக்க ஓர் அறை வேண்டும் என்று பெரிய பேச்சாகப் பேசி, பின்னறையை வாங்கி, மேசையும் விளக்கும் போட்டு, நாலு பத்திரிகையும் தருவித்தார். முதல் ஆறு மாதம் அங்கே வந்து படித்த பொதுமக்கள் ஒரே ஒரு ஆள், அவருடைய தங்கை. அவள் மனித எலும்புகளின் பெயரை உருப்போட்டுக்கொண்டிருக்க, அவர் வாசல் படியில் உட்கார்ந்து டிக்கெட் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பிற்பாடு அந்த அறை நிஜமாகவே தெருவுக்குப் பொதுவானது. டியூட்டி முடிந்து வந்து அதைத் திறந்து வைப்பதைத் தன் வாழ்க்கையின் பாதியாகவே அவர் நினைத்திருந்தார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கட்சிக்கு ஒரு நெருக்கடி. மின்கட்டணம் கட்டப் பணமில்லாமல் மின்சாரம் துண்டிக்கப்படுகிற நிலை. அன்றைக்கும் இன்றைக்கும் தலைவராக இருக்கிற டயர்கடைக்காரர், பின்னறையைத் தன் கடையின் டயர் அடுக்க வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகத் தீர்மானம் கொண்டுவந்தார். அண்ணன் எழுந்தார். படிக்கிற இடத்தில் ரப்பரை அடுக்குவதற்குக் கட்சி எதற்கு, டயர் கம்பெனியே போதுமே என்றார். தலைவரும் சும்மா விடவில்லை. "நீ டிக்கெட் கிழிக்கிறதோட நிறுத்திக்கய்யா" என்றார். பிறகு ஓட்டுக்கு விட்டார். கைகள் உயர்ந்தன. அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எதிர்க்கிறவர்கள் யார் என்று தலைவர் கேட்டபோது கை தூக்க அவர் அங்கே இல்லை.

கட்சியின் விதி கறாரானது. தீர்மானத்தை ஏற்காமல் கூட்டத்தை விட்டு வெளியேறினால் உறுப்பினர் பதவி அந்த நிமிஷமே போய்விடும். குறிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளையைத் தொடங்கிய மனிதரைத் தன் கையாலேயே வெட்டி விடுவதா? நர்ஸ் மூளை வேலை செய்தது. 'உறுப்பினர் ஒருவர் உடல்நலக் குறைவு காரணமாக விடுப்புப் பெற்றுச் சென்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினார். விடுப்பில் போனவருக்குப் பதவி போகாது. கோபம் தணிந்து ரெண்டு வாரத்தில் வந்துவிடுவார், கதை முடிந்தது என்று அவர் கணக்குப் போட்டார்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டு அங்கீகாரமும் ஆயிற்று. அன்று வராத அப்பாவிகள் பாதிப் பேர் அதை அப்படியே நம்பினார்கள். கண்டக்டர் அண்ணனுக்கு உடம்பு முடியவில்லையாம் என்று ஆளுக்கு ஒரு பை ஆரஞ்சோடு வீட்டுக்குப் போய் நின்றார்கள். அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வந்தவர்களிடம் விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது என்று அண்ணி பிறகு சொன்னாள். ஆரஞ்சையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்கைக்கு ஆள் அனுப்பினார். 'எனக்கு ஒரு வியாதியும் இல்லை. அந்த வரியைத் திருத்துகிற வரைக்கும் அவ வீட்டு வாசப்படி ஏற மாட்டேன்.'

ஏறவில்லை. பேசவும் இல்லை. நடுவில் ஒரு கல்யாணம், இரண்டு சாவு, ஒரு பேரக்குழந்தை. எல்லா இடத்திலும் அண்ணன் ஒரு மூலை, தங்கை ஒரு மூலை. கடைவீதியில் எதிரே வந்தால் அவர் கடிகாரக் கடையைப் பார்க்க நின்றுவிடுவார். குறிப்பக்கா அவரைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்க்காமல், வீடு வந்து சேர்ந்து அழுவார். திருத்தலாமென்றால் விதி குறுக்கே நின்றது. உண்மையை எழுதினால் அண்ணனுக்குக் கட்சியில் இடம் போய்விடும். எழுதாமல் விட்டால் தனக்கு அண்ணன் இல்லை. இரண்டில் எதை விடுவது என்று தெரியாமலே அவர் வருஷா வருஷம் பட்டியலில் 'விடுப்பில்' என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுதும்போதெல்லாம் அண்ணன் இன்னும் தன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதாக ஒரு சின்ன ஆறுதல்.

வாத்தியார் கேட்ட அதே வாரத்தில் அண்ணி வந்தாள். பதினெட்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"மாசக் கடைசியில வண்டி சொல்லியாச்சு" என்றாள். "பையன் கிட்டவே போயிடுறோம். அவருக்கும் முட்டி முடியல, படி ஏறி இறங்க முடியல. சொல்லாமப் போனா உனக்கு மனசு ஆறாது, அதான் வந்தேன்."

"அவ்ளோ தூரமா அண்ணி?"

"தூரம்தான். இனிமே நல்லது கெட்டதுக்குக்கூட வருவாரான்னு சந்தேகம்தான்."

அன்று ராத்திரி குறிப்பக்கா சாப்பிடவில்லை. கட்சி பக்கம் தலைவைத்துப் படுக்காத வீட்டுக்காரர், "ஒரு வரியத் திருத்தக்கூட வக்கில்லைன்னா ஒங்க கட்சி நாட்டை எங்க திருத்தப் போகுது?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். குத்தலாகச் சொன்னாலும் விஷயம் அதில் இருந்தது. மாசக் கடைசிக்குள் ஒரே ஒரு கூட்டம் பாக்கி இருந்தது.

அங்கீகரித்த குறிப்பைத் திருத்த கட்சியில் ஒரு முறை இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் முன்மொழிய வேண்டும், இருந்த இன்னொருவர் வழிமொழிய வேண்டும். எழுதியவரே தன் எழுத்தைத் திருத்தக் கோர முடியாது. அன்றைக்கு இருந்தவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் வேறு கட்சிக்குப் போனார்கள். மிச்சம் மூன்று பேர். குறிப்பக்காவைத் தள்ளினால், மிஞ்சுவது அண்ணனும் டயர்கடைக்காரரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர்.

முதலில் டயர்கடைக்குப் போனார். தலைவர் ஒரு பெரிய டயர் மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தாளை மடித்து வைத்தார்.

"நான் அன்னிக்கி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா" என்றார். "டிக்கெட் கிழிக்கிறதுன்னு. அது என் வாய்க் கொழுப்பு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் கெளம்பிப் போனாரு. எனக்கு அது இன்னிக்கும் உறுத்துது. டயரை எல்லாம் எப்பவோ எடுத்துட்டேன், அந்த ரூம் இப்ப ஒடஞ்ச நாற்காலிக்குத்தான் ஆச்சு."

"அப்ப வழிமொழிவீங்களா?"

"மொழியிறேன். என்னைப் பத்தியும் உள்ளதை எழுதிக்குங்க." பிறகு தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஆனா ஒண்ணு. நீங்க எழுதின பொய்யாலதான் அவரு இன்னும் உறுப்பினர். உறுப்பினரா இருக்கிறதாலதான் அவரால இதை முன்மொழிய முடியும். இது நிறைவேறின அடுத்த நிமிஷம் அவரு உறுப்பினர் இல்லை. அதை அவருகிட்ட யார் சொல்றது?"

"நான்தான் சொல்லணும்" என்றார் குறிப்பக்கா.

அண்ணன் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் ஆணி மட்டும் இருந்தது. தங்கை வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

குறிப்பக்கா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வரியைத் திருத்தப்போவதையும், அதற்கு அவர் வந்து முன்மொழிய வேண்டும் என்பதையும், திருத்தினால் உறுப்பினர் பதவி போய்விடும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். "என்னைக் கட்சியில வச்சிருக்கத்தான் அப்படி எழுதினாளாமா? கேளு."

"அவ எதிர்லதானே நிக்கிறா. நீங்களே கேளுங்களேன்" என்றாள் அண்ணி.

"ஆமாண்ணே" என்றார் குறிப்பக்கா. "வேற எதுக்கு?"

அண்ணன் முடிச்சை இறுக்கினார். சாக்கு நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. பிறகு மறுபடியும் அண்ணியிடம், "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். வாத்தியார் சொல்லி விஷயம் பரவியிருந்தது. பதினெட்டு வருஷமாக உடம்பு சரியில்லாத மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். அண்ணன் குடையை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தார். வாசலில் அடைத்துக்கொண்டு நின்ற இளவட்டங்களைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து தானாக வந்தது: "உள்ள நகருங்க, உள்ள நகருங்க." எல்லாரும் நகர்ந்தார்கள். குறிப்பக்கா மேசையில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் முன்மொழிந்தார். டயர்கடைக்காரர் எழுந்து தொண்டையைச் செருமி வழிமொழிந்தார். குறிப்பக்கா, மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய திருத்தத்தை வாசித்தார். வாழ்க்கையில் முதன்முறையாக எதையும் பூசி மெழுகாமல் எழுதியிருந்தார்.

"வாசகசாலை அறையை வாடகைக்கு விடும் தீர்மானத்தை உறுப்பினர் ஒருவர் எதிர்த்துப் பேசினார். 'நீ டிக்கெட் கிழிக்கிறதோட நிறுத்திக்க' என்று தலைவர் அவரை இழிவாகப் பேசினார். அதனால் கோபமுற்று அவர் கூட்டத்தை விட்டு வெளியேறினார். அவருக்கு உடல்நலக் குறைவு எதுவும் இல்லை."

டயர்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வாத்தியார் வேகவேகமாக எதையோ குறித்துக்கொண்டார். இனி ஓட்டுக்கு விட வேண்டியதுதான் பாக்கி.

"அது தப்பு" என்றார் அண்ணன்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"எதுங்க தப்பு?" என்றார் தலைவர். "நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அப்படியேதானே இருக்கு."

"நீ சொன்னது சரிதான்யா. நீ சொன்னதுக்காகவா நான் போனேன்? நீ தெனமும் சொல்றதுதானே அது. பஸ்ஸுல ஒரு நாளைக்கு நூறு பேரு அதைவிட மோசமாச் சொல்லுவான், எறங்கியா போயிட்டேன்?"

பதினெட்டு வருஷமாகத் தன் வாயைத் தானே நொந்துகொண்டிருந்த டயர்கடைக்காரருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கொஞ்சம் ஏமாந்தது போலக்கூட இருந்தது அவர் முகம்.

"பின்ன ஏன்ணே போனீங்க?" என்றார் குறிப்பக்கா.

அண்ணன் இப்போது அவரை நேராகப் பார்த்தார். குடையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ கை தூக்கினே பாப்பா."

பிறகு குடை நுனியால் பின்னறைக் கதவைக் காட்டினார்.

"ஊரே தூக்கட்டும், எனக்கென்ன. எதிர்த்து ரெண்டு கை இருக்கும், என்னுது ஒண்ணு, உன்னுது ஒண்ணுன்னு நெனச்சுட்டு உன்னைத் திரும்பிப் பாத்தேன். உன் கை மேல இருந்துச்சு. அந்த ரூம் யாருக்காக வாங்கினது? கோபம் எல்லாம் இல்லை. அழுகை வந்துருச்சு. எல்லாருக்கும் முன்னாடி அழுறதான்னுதான் வெளிய போனேன். அதுக்கப்புறம் நீ என்னடான்னா எனக்கு வியாதின்னு எழுதி வச்சிட்டே."

குறிப்பக்கா தன் இடது கையைப் பார்த்தார். அது மேசை மேல், காகிதத்தைப் பிடித்தபடி, ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. அன்றைக்கு எந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தார் என்பதுகூட அவருக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் பேசியதைத்தான். அண்ணன் பேச்சில் ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது என்று குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கை தன் பாட்டுக்கு மேலே போயிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அண்ணன் தன்னைப் பார்ப்பது தெரிந்திருக்கும்.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றார். "எதுக்குக் கை தூக்கினேன்னே எனக்குத் தெரியாது. நீங்க பேசினதை எழுதிட்டிருந்தேன்."

பின்வரிசையில் வழக்கமாகச் சிரிக்கிறவர்கள் சிரிக்கவில்லை.

குறிப்பக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேனாவைத் திறந்தார். "அப்ப, தீர்மானத்தை இருவர் எதிர்த்தனர்னு எழுதிடட்டுமாண்ணே? மனசறிஞ்சு கேட்டிருந்தா நான் எதிர்த்துத்தானே இருப்பேன்?"

"பாத்தியா, பாத்தியா" என்று அண்ணன் குடையால் தரையைத் தட்டினார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டா. நீ எங்க எதிர்த்தே? நடந்ததை எழுது."

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள், டயர்கடைக்காரர் உட்பட. குறிப்பக்காவும் கண்ணீரோடு சிரித்துவிட்டார். பிறகு 'கோபமுற்று' என்ற வரியை அடித்துவிட்டு, மெதுவாக எழுதி, எழுந்து நின்று வாசித்தார்.

"குறிப்பு எழுதுபவர், தீர்மானம் இன்னதென்று கவனிக்காமல், எழுதிக்கொண்டே ஆதரித்துக் கை தூக்கினார். எதிர்த்துப் பேசிய உறுப்பினர் அவருடைய அண்ணன். தங்கை கை தூக்கியதைக் கண்டு அவருக்கு அழுகை வந்ததால் வெளியேறினார்."

இத்தனை வருஷக் குறிப்புகளில் குறிப்பக்கா ஒருமுறைகூட வந்ததில்லை. வந்ததும் இப்படித்தான் வந்தார்.

"சரியா இருக்காண்ணே?"

அண்ணன் வெளியே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.

தலைவர் எழுந்து, இந்தத் திருத்தம் நிறைவேறினால் முன்மொழிந்தவரின் உறுப்பினர் பதவி அந்தப் பழைய தேதியிலேயே போய்விடும் என்பதை எல்லாருக்கும் முறைப்படி தெரிவித்தார். "போகட்டும்யா" என்றார் அண்ணன். "இவ்ளோ வருஷம் நோயாளியா இருந்ததுக்கு இது எவ்வளவோ மேல். ஓட்டுக்கு விடு."

"ஆதரிக்கிறவங்க" என்றார் தலைவர்.

கைகள் உயர்ந்தன. வாத்தியார் தூக்கினார், தலைவர் தூக்கினார், வாசலில் நின்ற இளவட்டங்கள் தூக்கினார்கள். அண்ணன் மட்டும் தூக்கவில்லை. அவர் யாரையும் பார்க்காமல் குறிப்பக்காவின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குறிப்பக்கா பேனாவை மூடினார். மேசை மேல் வைத்தார். நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் அண்ணன் முகத்தில் நிறுத்தி, வலது கையைத் தூக்கினார். அதற்கப்புறம்தான் அண்ணன் கை மேலே வந்தது. முட்டி வலிக்கிற மனுஷன், அதற்காக எழுந்து நின்றே தூக்கினார்.

குறிப்பக்கா உட்கார்ந்து பேனாவைத் திறந்து, 'ஏகமனதாக' என்று எழுதினார். எத்தனையோ முறை எழுதிய வார்த்தைதான். நிமிர்ந்து பார்த்துவிட்டு அதை எழுதியது அன்றைக்குத்தான்.